தெரியாது என்று சொல்லாத மாமாங்கம்

மாமாங்கத்திடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கண் இரண்டும் மேலே போகும். வலது கைச் சுட்டுவிரல் தொடையில் இரண்டு தட்டுத் தட்டும். விடை வந்துவிடும். சரியோ பிழையோ, வந்துவிடும். நாலு வருடத்துக்கு மேல் ஒரே அப்பார்ட்மென்றில் அவருடன் இருந்தேன். தெரியாது என்று அந்த மனிசர் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முதல் அவரைக் கொஞ்சம் திட்டவும் வேண்டியிருக்கிறது, என்னையும் சேர்த்து.

நான் வின்சன்ற். ஊர்காவற்றுறையான். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்கு முன்னரே ரொறன்ரோவுக்கு வந்து, வெக்ஸ்போர்ட்டில் ஆறாம் மாடியில் ஒரு அறை வீடு எடுத்திருந்தேன். எண்பத்துநாலு மாசியில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், கையில் ஒரு துணிப்பையுடன் மாமாங்கம் வந்து சேர்ந்தார். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடிக்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். மனைவி நாகேஸ்வரியையும் நாலரை வயது மகள் தவமலரையும் ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்ற முதல் என்னிடம் கேட்ட கேள்வி, “தம்பி, இந்த ஒன்ராரியோ ஏரிக்கு எத்தின சதுர மைல் தெரியுமா?” எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

ஊரில் அவர் பின்னேரங்களில் இலிகிதர் சேவைப் பரீட்சைக்குப் பொது அறிவு வகுப்பு நடத்தியவர். நாடுகளின் தலைநகரங்கள், ஆறுகளின் நீளம், எதை யார் எந்த ஆண்டு கண்டுபிடித்தார் என்று எல்லாம் வாய்ப்பாடம். அவரிடம் படித்த எத்தனையோ பேர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக் வேலையாகிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் சட்டம், ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதே என்பது. வெறுமையாக விட்டால் நிச்சயம் பூச்சியம், எதையாவது எழுதினால் ஒருவேளை புள்ளி கிடைக்கும். பரீட்சைக்கு அது நல்ல சட்டம்தான். மனிசர் அந்தச் சட்டத்தைப் பரீட்சை மண்டபத்தில் விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

நான் வேலை செய்த மட்டைப்பெட்டித் தொழிற்சாலையிலேயே அவருக்கும் வேலை எடுத்துக் கொடுத்தேன். அந்த நாட்களில் இந்த நாட்டுக்கே பொது அறிவுப் பைத்தியம் பிடித்திருந்தது. வீட்டுக்கு வீடு கேள்வி பதில் விளையாட்டுப் பெட்டி இருந்தது. எங்கள் போர்மனும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெட்டியின் அட்டைகளைக் கொண்டுவந்து கேள்வி கேட்பார். புவியியலிலும் சரித்திரத்திலும் மாமாங்கத்தை அசைக்க ஒருவராலும் முடியவில்லை. ஒருநாள் போர்மன் சிரித்துக்கொண்டு பேஸ்போலில் ஒரு கேள்வி கேட்டார். 1954 இல் சென் லூயிஸை விட்டு பால்ரிமோருக்குப் போன அணி எது? விரல் தொடையில் தட்டியது. “பால்ரிமோர் கிறிக்கெற் கிளப்” என்றார் மாமாங்கம். அன்று முழுத் தொழிற்சாலையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு மெசினடிக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை. நூலகத்தில் கழித்துவிட்ட புத்தகங்களுக்குள் தேடி, அட்டை கிழிந்த மொத்தமான ஒரு பேஸ்போல் சரித்திரப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். இப்போது நினைத்தால் எனக்கு என்னிலேயே கொதி வருகிறது. அந்தப் புத்தகத்தை நான் குப்பையிலேயே விட்டிருக்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் அவர் அதைக் கரைத்துக் குடித்தார். தொழிற்சாலைக் கழிவு மட்டைகளில் நிரல் போட்டு எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். எந்த அணி எந்த ஊரில் எந்த ஆண்டு தொடங்கியது, எங்கே போனது, பேர் மாறியதா இல்லையா என்று எல்லாம் அதில் இருந்தது. பிலடெல்பியாவில் இருந்து கன்சாஸ் சிற்றிக்கும் அங்கிருந்து ஓக்லாந்துக்கும் போன அணி பேரை விடவில்லை. சென் லூயிஸ் அணி பேரையும் விட்டுவிட்டது. சியாற்றிலில் தொடங்கியது ஒரே ஒரு வருடத்தில் மில்வோக்கிக்குப் போனது. ஊர் மாறின அணிகளில்தான் அவருக்கு மிகுந்த விருப்பம். எங்கள் ரொறன்ரோ அணி புளூ ஜேய்சில் அவருக்கு அவ்வளவு பிடிப்பில்லை. “இது எழுவத்தேழில தொடங்கின இடத்திலதானே இன்னும் இரிக்கி” என்பார்.

பகிடி என்னவென்றால் அவருக்கு அந்த விளையாட்டே விளங்காது. ஒருமுறை ஏரிக்கரை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காது விறைக்கிற குளிர்காற்று. எல்லாரும் எழுந்து நின்று கத்துகிறார்கள், இவர் குனிந்திருந்து நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஆட்டக்காரரின் பிறந்த திகதிகளை வாசிக்கிறார். பந்தை அடிக்காமலே ஒருவன் ஏன் முதலாம் தளத்துக்கு நடந்து போகிறான் என்று கேட்டேன். “அவருக்குக் கால் நோவாக்கும்” என்றார். அதையும் வெறுமையாக விடவில்லை.

மாதம் ஒரு கடிதம் மகளுக்கு எழுதுவார். அதில் பத்துக் கேள்வி இருக்கும். தவமலர் முதலில் தாயைக் கொண்டும் பிறகு தானாகவும் விடை எழுதி அனுப்புவாள், இவர் திருத்திப் புள்ளி போட்டுத் திருப்பி அனுப்புவார். போகப்போக பேஸ்போலும் அதற்குள் வந்துவிட்டது. “பேஸ்போல் என்றால் என்ன அப்பா?” என்று பிள்ளை கேட்டிருந்தாள். இவர் நாலு பக்கத்துக்கு அணிகளின் சரித்திரம் எழுதினார். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் பிள்ளைக்கு ஒரு கேள்வி கேட்க உரிமை இருந்தது. அவள் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். எங்களை எப்போது கூப்பிடுவீர்கள்?

அதற்கும் அவர் விடை எழுதினார். முதலில் எண்பத்தைந்து சித்திரை வருசப்பிறப்பு என்றார். பிறகு எண்பத்தாறு தைப்பொங்கல். பிறகு எண்பத்தேழு சித்திரை. “ஏன் அண்ணை பிள்ளைக்குத் திகதி குடுக்கிறியள்? உங்களுக்கே தெரியாதே” என்று ஒருநாள் ஏசினேன். “பிள்ளை கேட்டா ஒண்டும் சொல்லாம விடுறதா?” என்றார்.

அவர்கள் வருவது ஒன்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மாமாங்கத்தின் அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டால் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். ஏற்கப்படாவிட்டாலும் அந்த நாட்களில் இலங்கைக்கு ஆளைத் திருப்பி அனுப்பமாட்டார்கள், ஆனால் குடும்பம் வராது. வேலை அனுமதிக் கடதாசியைப் புதுப்பித்துப் புதுப்பித்து மட்டைப்பெட்டி செய்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

அவருடைய கேஸ் உண்மையான கேஸ். எண்பத்துமூன்று மாரி காலத்தில் அவருடைய வீட்டுக்குப் படையினரின் ஜீப் வந்து, கூடப்பிறந்த இளையவன் தம்பிமுத்துவைக் கொண்டுபோனது. பிறகு ஆள் திரும்பவில்லை. அடுத்ததாக மாமாங்கத்தைத் தேடினார்கள், அவர் கொழும்புக்கு ஓடி அங்கிருந்து இங்கே வந்தார். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் எண்பத்துநாலில் முதல் விசாரித்தபோது, கொண்டுபோன திகதி என்ன என்று கேட்டார்கள். நவம்பர் 17 என்றார். எண்பத்தாறில் ஒரு படிவம் நிரப்பினார். அதில் நவம்பர் 23, புதன்கிழமை என்று எழுதினார். இரண்டையும் உறுதியாகவே சொல்லியிருந்தார்.

எங்கள் லோயர் பொறுமையான மனுசி. இரண்டு திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு டொக்ரரிடம் அனுப்பினா. நித்திரை இல்லாத ஆள், நடந்ததால் மனம் பாதிக்கப்பட்டு ஞாபகம் குழம்பியிருக்கிறது, திகதிகளை அவரால் சரியாகச் சொல்ல முடியாது என்று டொக்ரர் கடிதம் கொடுத்தார். அதுவும் உண்மைதான். “உங்களிடம் திகதி கேட்டால் நினைவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்” என்று லோயர் மூன்று முறை சொல்லிக் கொடுத்தா. மூன்று முறையும் தலையாட்டினார்.

விசாரணை 1987 ஒக்ரோபர் 6, செவ்வாய்க்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னர்தான், ஞாயிற்றுக்கிழமை, புளூ ஜேய்ஸ் கவிழ்ந்தது. ஏழே ஏழு ஆட்டம் மிச்சமிருக்க மூன்றரை ஆட்ட வித்தியாசத்தில் முன்னுக்கு நின்றவர்கள், ஏழிலும் தோற்று, டெற்றோயிற்றிடம் முதலிடத்தைப் பறிகொடுத்தார்கள். ஊர் முழுக்கச் செத்தவீட்டு முகத்துடன் திரிந்தது. பஸ்சில்கூட ஒருவரும் பேசவில்லை.

மாமாங்கம் என்னுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றுவிட்டார், ஆங்கிலத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நண்பன் என்று என்னைப் பின்வரிசையில் இருக்க விட்டார்கள். காலையில் லோயர் டொக்ரர் கடிதத்தை வைத்து நன்றாகப் பேசினா. தலைமையில் இருந்த பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. பிறகு பத்து நிமிட இடைவேளை. லோயர் ஏதோ கடதாசி பிரதி எடுக்க வெளியே போனா.

பெரியவர் கோப்பியைக் குடித்துக்கொண்டு, அரசாங்கத் தரப்பில் இருந்த கண்ணாடிக்கார இளைஞரிடம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றி அலுத்துக்கொண்டார். “இப்படி ஒரு அணி எப்போதாவது கவிழ்ந்திருக்கிறதா?” என்றார். அவர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துத்தான் கேட்டார்.

சுட்டுவிரல் தொடையில் இரண்டு முறை தட்டியதைப் பின்னால் இருந்து பார்த்தேன்.

“1964, பிலடெல்பியா” என்றார் மாமாங்கம். “பன்னிரண்டு ஆட்டம் இருக்க ஆறரை முன்னுக்கு நின்றார்கள். செப்டம்பர் 21, திங்கட்கிழமை தொடங்கி 30 ஆம் திகதி வரை பத்து ஆட்டம், பத்தும் தோல்வி.” பெரியவர் கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது. அவர் இன்னொன்று கேட்டார், இவர் சொன்னார். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசப் புழுகம். மட்டைப்பெட்டி ஒட்டுகிற எங்கள் ஆளை ஒரு பெரிய மனிசர் வாய் பிளந்து பார்க்கிறார். சும்மா இருந்தேனா? “வாஷிங்ரனைப் பற்றிக் கேளுங்கள், ஐயா” என்று பின்வரிசையில் இருந்து எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

அவர் கேட்டார். மாமாங்கம் எழுந்தே நின்றுவிட்டார். வாஷிங்ரன் அணி 1961 இல் மினசோற்றாவுக்குப் போனது, அதே ஆண்டு வாஷிங்ரனுக்குப் புதிய அணி கொடுத்தார்கள், அதுவும் 1972 இல் ரெக்சாசுக்குப் போனது. ஊரை விட்டுப் போக முன் ஆடிய கடைசி ஆட்டத்தில் சனம் மைதானத்துக்குள் பாய்ந்து ஆட்டத்தையே குழப்பிவிட்டது. “1971 செப்டம்பர் 30, வியாழக்கிழமை” என்று முடித்தார். பெரியவர் கை தட்டினார். கண்ணாடிக்கார இளைஞர் தட்டவில்லை, தன் கொப்பியில் ஏதோ எழுதினார். அதைக் கண்டபிறகும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

லோயர் வந்து அமர்ந்ததும் இளைஞர் எழுந்தார். குரலில் ஒரு கோபமும் இல்லை, மரியாதையாகவே கேட்டார். “நீங்கள் பார்த்தேயிராத ஒரு நாட்டில், பதினாறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு ஆட்டம் என்ன கிழமையில் நடந்தது என்று சொன்னீர்கள். உங்கள் தம்பியைக் கொண்டுபோனது என்ன திகதி, என்ன கிழமை?”

லோயருக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை. மாமாங்கத்தைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தா, சொல்லிக் கொடுத்ததைச் சொல்லு என்று. மாமாங்கத்தின் கண் மேலே போனது. விரல் தொடையில் தட்டியது. மாதாவே, அந்த விரலைப் பிடித்து நிறுத்த எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை.

“நவம்பர் 29, செவ்வாய்க்கிழமை” என்றார்.

அது மூன்றாவது திகதி. லோயர் பேனையை மூடி மேசையில் வைத்தா.

தைமாதக் கடைசியில் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. தொலைவான விடயங்களின் திகதிகளைக் கூடத் துல்லியமாக நினைவில் வைத்திருக்கும் இவர், தன் சொந்தச் சம்பவத்துக்கு மூன்று வெவ்வேறு திகதிகளைக் கூறியிருப்பதால், அந்தச் சம்பவம் நடந்ததாக ஏற்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. மாமாங்கம் அதை ஒருமுறை வாசித்தார். மடித்து உறைக்குள் போட்டார். குசினி மேசையடியில் அப்படியே இருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “உண்மையிலை எத்தினையாம் திகதி அண்ணை?” என்று கத்தினேன். “எனக்கெண்டாலும் சொல்லுங்கோவன்!”

உறையை மேசையில் தள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். “மழை தம்பி. ரெண்டு கிழமையா விடாத மழை. திகதி பாக்கிறதுக்குப் பேப்பரும் வரல்ல, வேலையும் இல்ல. வளவெல்லாம் முழங்கால் தண்ணி. ஜீப் றோட்டில நிண்டிது, அவங்க தண்ணிக்குள்ளால நடந்து வந்தாங்க. நாகேஸ்வரி அடுப்பில சோறு வெச்சிருந்தா, இறக்கல்ல, எரிஞ்ச மணம் வீடெல்லாம். தம்பிமுத்து செருப்பப் போட்டுட்டு வாறன் எண்டான். விடல்ல. மறுகா பாத்தா, அவன்ட செருப்பு ரெண்டும் வளவுத் தண்ணியில மிதக்குது. மகள் அதப் பிடிக்க எண்டு இறங்கப் போனாள். நான் அவளத் தூக்கி வெச்சிக்கிட்டு நிண்டன். வேறொண்டும் செய்யல்ல.”

நாலு வருடம் ஒரே அறையில் படுத்தவன் நான், இந்தச் செருப்பை நான் கேள்விப்படவில்லை.

“இதை ஏன் அண்ணை அங்கை சொல்லேல்லை? இதைச் சொல்லியிருந்தால் ஒருத்தரும் பொய்யெண்டு சொல்லியிருக்கமாட்டினமே!”

அவர் உண்மையாகவே வியப்புடன் என்னைப் பார்த்தார். “அவங்க அதக் கேக்கல்லயே தம்பி. திகதியத்தானே கேட்டாங்க.”

அன்று பின்னேரம் தலைமாட்டு மட்டைகளை எல்லாம் கிழித்தேன். அவர் தடுக்கவில்லை. கிழித்து என்ன செய்ய? எல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தது. புத்தகத்தைக் கொண்டுவந்தவன் நான், வாஷிங்ரனைக் கேள் என்றவனும் நான். மன்னிப்புக் கேட்டேன். “நீ கேக்காட்டியும் நான் சொல்லித்தான் இரிப்பன்” என்றார். அது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

மாசி, பங்குனி இரண்டு மாதமும் அவர் மகளுக்குக் கடிதம் எழுதவில்லை. போர்மன் அட்டையைத் தூக்கினால் எழுந்து வெளியே போய்விடுவார். சித்திரை வருசப்பிறப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மட்டக்களப்பு ரவுணில் ரெலிபோன் இருக்கிற ஒரு கடைக்குத் தாயும் மகளும் வந்து நிற்பதாகச் செய்தி வந்தது. கடிதம் வராததால் பயந்து, களுவாஞ்சிக்குடியில் இருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். இங்கே காலை ஏழரை, அங்கே பின்னேரம். நான் எண்ணைச் சுழற்றிக் கொடுத்தேன். லைன் இரைந்தது. அங்கே கத்திக் கதைத்தார்கள், குசினி வரை கேட்டது.

நாகேஸ்வரி இரண்டு சொல் கதைத்துவிட்டு அழுதா. பிறகு பிள்ளை வாங்கினாள். இப்போது அவளுக்கு எட்டரை வயது. கடிதம் ஏன் வரவில்லை, தன்னுடைய கடைசி விடைகளுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டாள். பத்துக்கு ஒன்பது என்றார். பிறகு தன்னுடைய கேள்வியைக் கேட்டாள்.

“எங்கள எப்ப கூப்பிடுவீங்க, அப்பா?”

மாமாங்கத்தின் கண் மேலே போனது. விரல் தொடைக்குப் போனது. நான் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையுடன் அப்படியே நின்றேன். ஏதோ ஒரு மாதத்தின் பேர் அவருடைய வாயில் வந்து நின்றதை நான் கண்ணால் கண்டேன். விரல் தட்டவில்லை. கையைத் தொடையில் விரித்து வைத்தார்.

“தெரியா மகள்” என்றார்.

லைன் மட்டும் இரைந்தது. அறுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பிறகு அங்கிருந்து தவமலரின் குரல் தெளிவாக வந்தது. அதில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை.

“அப்ப இந்த முறதான் உண்ம சொல்றீங்க, என்னப்பா?”

“ஓம் மகள்” என்றார் மாமாங்கம்.